நாற்பத்தொரு கிணறும் ஒரு டிஸ்க்கும்

டிஸ்க்கைக் காணவில்லை என்று லேப்டாப் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எதற்குமே எனக்கு முதலில் வருவது கோபம்தான். பயமும் அழுகையும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

விஜயதசமி அன்று காலை எட்டு மணி இருக்கும். எங்கள் வீட்டில் ரூட்டர் நடுவீட்டு அலமாரியில், சாமி படத்துக்குக் கீழ்த்தட்டில் இருக்கிறது. அதன் முதுகில் ஒரு யுஎஸ்பி துளை உண்டு. அதில் என் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி வைத்திருந்தேன். வயர் இல்லாமலே வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தும் லேப்டாப்பில், போனில் அதைத் திறக்கலாம். அன்றைக்குத் திறந்தால், டிஸ்க்கின் பெயர் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

இந்த ஏற்பாட்டைச் செய்து தந்தது முத்துராஜ். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் ஊர் ஊராக இன்டர்நெட் வயர் இழுக்கிறவர். "எவன்கிட்டயோ எதுக்குக்கா கொண்டுபோய்க் குடுக்கணும்? ஒங்க வீட்டுக்குள்ளயே ஒரு கிளவுடு வச்சுத் தாரேன்" என்றார். எங்கள் ஊருக்கு மேகம் வருவதே அபூர்வம். வீட்டுக்குள்ளேயே வருகிறது என்றதும் நம்பிவிட்டேன்.

அந்த டிஸ்க்கில் என் பிஎச்.டி. இருந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். என் ஆராய்ச்சி எங்கள் சுற்றுவட்டாரத்து நாற்பத்தொரு கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது. மாதம் ஒரு தடவை, மூன்று வருடம். மொத்தம் ஆயிரத்து நானூற்று எழுபத்தாறு அளவுகள். டிசம்பர் முப்பத்தொன்றோடு என் பதிவுக்காலம் முடிகிறது. கெடுவை ஏற்கெனவே ஒரு முறை நீட்டித்துவிட்டார்கள், இனிமேல் கிடையாது. அதற்குள் கொடுத்தால் டாக்டர் சுகந்தி. கொடுக்காவிட்டால் வீரணன் மகள் சுகந்தி, அவ்வளவுதான்.

அந்த அளவுகளை நான் தனியாக எடுக்கவில்லை. என் அப்பா வீரணன் முப்பது வருடம் கிணற்று வேலை பார்த்தவர். அடுத்தவர்கள் தோட்டத்தில் கிணறு வெட்டியிருக்கிறார், தூர் வாரியிருக்கிறார், பாறைக்கு வேட்டு வைத்திருக்கிறார். எந்தக் கிணற்றில் எந்தப் படி ஆடும், எதில் பாம்பு கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். டிவிஎஸ் வண்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாதம் ஐந்து நாள் சுற்றுவார். டேப்பின் நுனியில் கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார். குண்டு தண்ணீரைத் தொட்டதும் ஒரு சத்தம் வரும். டேப்பை விரலால் பிடித்து, அளவைக் கூப்பிடுவார். அடிக்கணக்கில் வாழ்ந்த மனிதர் எனக்காக மீட்டர் கற்றுக்கொண்டார்.

என் ஒரு கையில் டார்ச், மறு கையில் போன். எழுதுவதற்கு மூன்றாவது கை இல்லை. அதனால் அப்பா கூப்பிடுவதை அப்படியே போனில் பதிவு செய்துகொள்வேன். வீட்டுக்கு வந்ததும் போன் தானாகவே எல்லாவற்றையும் ரூட்டரில் இருக்கும் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு, தன்னிடமிருந்து அழித்துக்கொள்ளும். அதுவும் முத்துராஜ் வைத்துக் கொடுத்த ஏற்பாடுதான். பிறகு நான் அவற்றைக் கேட்டுக் கேட்டு எக்செல்லில் ஏற்றுவேன். எக்செல்லும் அதே டிஸ்க்கில். மே மாதம் வரை லேப்டாப்பிலும் ஒரு பிரதி இருந்தது. சாட்டிலைட் படங்களை இறக்க இடம் போதவில்லை என்று, காப்பி எடுக்காமல், கட் செய்து டிஸ்க்குக்கு நகர்த்தினேன். அதைச் செய்தது நான். வேறு யாரும் இல்லை.

காலையில் முதலில் ரூட்டரை அணைத்துப் போட்டேன். நம் நாட்டில் எல்லா மின்சாதன வியாதிக்கும் அதுதான் கைமருந்து. இன்டர்நெட் வந்தது, டிஸ்க் வரவில்லை. போனில் பார்த்தேன், அதிலும் இல்லை. போன வருடம் ஒரு அப்டேட் வந்து, லேப்டாப் பழைய பகிர்வு முறையை ஏற்க மாட்டேன் என்று இதே மாதிரி முரண்டு பிடித்தது. அதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு மணி நேரம் அமைப்புகளைத் திறந்து மூடினேன். பிரவுசரில் ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. யுஎஸ்பி என்ற இடத்தில் 'எதுவும் இணைக்கப்படவில்லை' என்று இருந்தது.

அலமாரிக்குப் போனேன். டிஸ்க் செருகித்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். வழக்கமாக லேசான சூடும் ஒரு நடுக்கமும் இருக்கும். இப்போது சில்லென்று கிடந்தது. அதன் மேல் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"யாரு இதக் கழட்டுனது?"

அப்பா வாசலில் வண்டிக்குப் போட்ட மாலையை எடுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சிரித்தார். "நாந்தான் தாயி. நேத்து நீ பொரி கடல வாங்க டவுனுக்குப் போயிருந்தயில்ல, அப்ப எடுத்துச் சாமிகிட்ட, பூவுக்கு அடியில வச்சேன். காலைல மறுபூசை முடிச்சு இருந்த எடத்துலயே மாட்டிட்டேன். அந்த வெள்ளப் பெட்டியத் தொடல, அது நெட்டுக்காரங்களோடது. இது ஒன்னோட ஆயுதமில்ல?"

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமி முன்னால் வைத்த ஆயுதம் ஒரு ராத்திரி ஓய்வெடுக்க வேண்டும். மண்வெட்டி, கடப்பாரை, அம்மாவின் அரிவாள்மனை, டேப், தூக்குக்குண்டு, எதையும் மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. முந்தைய நாள் நான் கடைக்குக் கிளம்பும்போது லேப்டாப் அந்த டிஸ்க்கில் எதையோ எழுதிக்கொண்டிருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் டிஸ்க்கில் கோளாறு வரும் என்று எனக்குத் தெரியும். அதைச் சரி செய்யும் மென்பொருள்கள் உண்டு என்றும் தெரியும். அதனால் அப்போதுகூட நான் உடைந்து போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முத்துராஜுக்குப் போன் போட்டேன்.

அவர் பதினொரு மணிக்கு வந்தார். தன் பென்டிரைவை ரூட்டரில் செருகினார். உடனே என் லேப்டாப்பில் அதிலிருந்த படங்களெல்லாம் வந்து நின்றன. "ரூட்டரும் நல்லாருக்கு, ஷேரிங்கும் நல்லாருக்கு. டிஸ்க்குலதான்க்கா கோளாறு." என் டிஸ்க்கை எடுத்து வேறு வயரில் லேப்டாப்பில் நேராகப் போட்டார். விளக்கு ஒரு தடவை மின்னியது. உள்ளே டிக், டிக், டிக் என்று மூன்று சத்தம். பிறகு ஒன்றுமில்லை. லேசாகக் கருகல் வாடை வந்தது.

முத்துராஜ் டிஸ்க்கைத் திருப்பி, வயர் செருகும் வாயில் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஊசியை எடுத்துச் சுரண்டினார். மஞ்சளாக ஈரம் கலந்த உருண்டை ஒன்று வந்தது.

"உள்ள யாருக்கா சந்தனம் வச்சது?"

அப்பா பக்கத்திலேயே நின்றார். முகத்தில் இன்னும் சிரிப்பு முழுதாகப் போகவில்லை. "மம்பட்டிக்கு வெட்டுற வாயிலதானப்பா பொட்டு வைப்போம்? கடப்பாரைக்கு முனையில வைப்போம். இதுக்கு வேல செய்யிற எடம் எதுன்னு பாத்தேன். அந்த வாய்தான்னு தெரிஞ்சுது. பன்னீர் ஊத்திக் கொழச்சு, தீக்குச்சியால வச்சேன். மேல ஒன்னு, வாயில ஒன்னு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவர் வாழ்க்கை முழுவதும் ஆயுதம் என்றால் அப்படித்தான். வேலை செய்கிற முனையை மதிக்க வேண்டும். ஈரச் சந்தனத்தோடு விடிகாலையில் மின்சாரத்தில் செருகியதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு வெந்துவிட்டது. இதெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது எனக்கு நிதானம் எங்கே இருந்தது?

"ஒனக்கு எதுக்குப்பா இந்த வேல? கெணறு தோண்ட மட்டும்தான ஒனக்குத் தெரியும்! தெரிஞ்சத மட்டும் பாத்துட்டு ஒரு ஓரமா இருக்க வேண்டியதுதான? மூனு வருசத்தக் குழி தோண்டிப் பொதச்சுட்டயேப்பா!"

முத்துராஜ் தலையைக் குனிந்துகொண்டு பென்டிரைவை எடுத்துப் பைக்குள் போட்டார். அடுப்படியிலிருந்து அம்மா கருத்தம்மாள், "ஏடி, யாரப் பாத்து என்ன பேசுற?" என்று ஓடி வந்தார். அப்பா தன் இரண்டு கையையும் விரித்து ஒரு தடவை பார்த்தார், பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கிணறு தோண்டத் தெரிந்த மனிதர் இல்லாவிட்டால் என் ஆராய்ச்சியில் ஒரு கிணறுகூட இருந்திருக்காது. அதுதான் உண்மை. ஆனால் சொன்ன சொல்லைக் கட் செய்து வேறு இடத்துக்கு நகர்த்த முடியாது.

மதுரையில் செத்த டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டெடுக்கும் கடை ஒன்று உண்டு. மறுநாளே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கேரண்டி சொல்ல மாட்டோம்மா" என்றுதான் வாங்கினார்கள். பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் நான் எங்கள் குலதெய்வத்தோடு பேரம் பேசினேன். முழுசாக வேண்டாம், ஒரு வருடம் போதும். ஒரு வருடம் வேண்டாம், எக்செல் மட்டும் போதும். அப்பாவிடம் மட்டும் பேசவில்லை. அவரும் நான் வருவது தெரிந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். சோற்றைக்கூட நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்பார்.

பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டார்கள், போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கொடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"போர்டு எரிஞ்சிருச்சு, மாத்திப் பாத்தோம். உள்ள தட்டுலயும் கோடு விழுந்திருக்கும்மா. பேருதான் வந்துச்சு."

திரையைத் திருப்பிக் காட்டினார். எல்லாக் கோப்புகளின் பெயர்களும் இருந்தன. கிணற்றின் எண், மாதம், வருடம் என்று நான் வைத்த பெயர்கள். ஒன்று விடாமல் ஆயிரத்து நானூற்று எழுபத்தாறும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே கோப்பின் அளவு என்ற கட்டத்தில் பூஜ்யம். எக்செல்லுக்கும் அதேதான். உருட்டிக்கொண்டே போனேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மூன்று வருட வெயில் முழுதும் பூஜ்யமாகக் கிடந்தது.

பஸ் ஸ்டாண்டில் நின்று என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியைக்குப் போன் செய்தேன். "வேறு பிரதி எடுத்து வைக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் சுகந்தி?" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பிறகு அவருக்கும் குரல் இறங்கிவிட்டது. "அளவு இல்லாம எதை வச்சும்மா எழுதுவ? மறுபடியும் எடுத்தாலும் மூணு வருஷம் ஆகும். இடமும் போயிரும், பதிவும் போயிரும்."

மறுபடியும் எடுப்பது என்பதே கிடையாது. போன வருடம் சித்திரையில் கிணற்றில் நின்ற தண்ணீரை இந்த வருடம் போய் அளக்க முடியுமா? நான் அளந்து முடித்த பிறகு, அதில் பதினோரு கிணறு இப்போது இல்லவே இல்லை. குப்பையைக் கொட்டி மூடிவிட்டார்கள். ஒன்றின் மேல் கோழிப் பண்ணையே நிற்கிறது. அருப்புக்கோட்டை வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "யாரும் தவறிட்டாகளாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வீட்டில் யாரிடமும் விவரம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. டிஸ்க்கைத் தூக்கி அலமாரியில் எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஒரு வாரம் அப்படியே போயிற்று. ரூட்டரின் விளக்குகள் மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா உள்ளே வந்தார். குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, கல்யாண வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். கையில் அந்த டேப். என் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விஜயதசமிக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துப் பேசியது அப்போதுதான்.

"நோட்ட எடு தாயி. எழுது."

"என்னத்தப்பா எழுத?"

"அளவ. நாந்தான கூப்புட்டேன்? என் வாயில இருந்துதான அந்தப் பொட்டிக்குள்ள போச்சு? அது மறந்தா என்ன, நான் மறந்துருவனா? நாலு நாளா வரப்புல உக்காந்து ஒவ்வொரு கெணறா நெனச்சுப் பாத்துட்டேன். எல்லாம் வருது. எழுது."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கை டேப்பைப் பிடித்திருந்தது, மறு கை காற்றில் கிணற்றுக்குள் குண்டு இறக்குவது போல மெதுவாக இறங்கியது.

"மாரிச்சாமி தோட்டத்துக் கெணறு. மொத வருசம் ஆடி மாசம். பதினொன்னு நாப்பது."

என்னிடம் மிஞ்சிய ஒரே காகிதம், இரண்டு வருடம் முன்பு ஒரு கருத்தரங்கில் வாசித்த கட்டுரையின் அச்சுப் பிரதி. அதில் ஆறு கிணறுகளின் அளவுகள் கொண்ட சின்ன அட்டவணை ஒன்று உண்டு. எழுந்து போய் எடுத்து வந்தேன். மாரிச்சாமி கிணறு, முதல் வருட ஜூலை. பதினொன்று புள்ளி நான்கு பூஜ்யம்.

அந்த ஒரு நிமிடம் நான் பைத்தியமாகிவிட்டேன். இருக்கிறது, எல்லாம் இந்த மனிதரின் தலைக்குள் இருக்கிறது! நோட்டைப் பிரித்து வேகமாக எழுதினேன். "சொல்லுப்பா. அடுத்தது சொல்லு."

"பெத்தம்மா கெணறு. அதே ஆடி. ஒம்பது எம்பது."

அட்டவணையில் பதினான்கு புள்ளி இரண்டு ஐந்து.

"கோயில் கெணறு. ஆவணி. பன்னெண்டு."

ஆறு புள்ளி ஒன்று பூஜ்யம். அதற்கடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும். அட்டவணையில் இருந்த எல்லாவற்றையும் வரிசையாக நானே கேட்டேன். முதலாவதைத் தவிர ஒன்றுகூட அருகில் வரவில்லை. அந்த முதல் அளவு ஏன் நினைவிருந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக மீட்டர் பார்த்துச் சொன்னார். நான் கைதட்டினேன். திரும்பும் வழியெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டே, "பதினொன்னு நாப்பது, பதினொன்னு நாப்பது" என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்பா கண்ணைத் திறந்தார். "புத்தகத்துல இருக்கிறதப் பாத்தயா? சரியா இருக்கா தாயி?"

அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று வாரமாகச் செத்துக் கிடந்த முகம். அந்த வெள்ளைச் சட்டை. என் நாக்கில் இருந்த விஷமெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. கட்டுரையை மடித்துக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"சரியா இருக்குப்பா."

"நான் சொல்லல?" என்றார். கண்ணில் தண்ணீர் தளும்பியது, அதை மறைக்கச் சத்தமாகச் சிரித்தார். "ஏ கருத்தம்மா! டீ போடு. பிள்ள எழுதுது."

அம்மா டீ கொண்டு வந்து வைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் என் முகத்தைப் படிப்பார். நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நான் பேனாவை எடுத்தேன்.

இதை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கொடுக்க முடியாது, கொடுக்கவும் மாட்டேன். மூன்று வருடத்தில் ஒரு அளவைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. குண்டு ஆடிவிட்டது என்று சந்தேகம் வந்தால், வெயிலில் அப்பாவை நிற்க வைத்து மறுபடியும் இறக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு அளவுகள் எழுதினேன். கிணற்றின் எண் போட்டு, மாதம் போட்டு, அழகான கையெழுத்தில், ஒன்றுகூட அடிக்காமல்.

இன்னும் ஆயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு இருக்கிறது. நாளைக்குக் காலையிலேயே உட்கார்ந்துவிடலாம் என்கிறார் அப்பா.